வலையமைப்புத் துறையில் சான்றிதழும் கைப்பழக்கமும்

(சங்க நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கத்துக்கு நூறு வயதாகிறது. அதைப்பற்றிப் பேச என்னிலும் தகுதியான மூத்தவர்கள் மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தந்த வேலை வேறு. கணினி வலையமைப்புத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள் என்ற வகையில் உயர்தர மாணவிகளோடு கதைக்கும்படி கேட்டார்கள். என்ன கதைப்பது என்று அறிந்துகொள்ள, உங்கள் கேள்விகளைத் துண்டுகளில் எழுதி அனுப்புமாறு வகுப்பாசிரியரிடம் சொல்லியிருந்தேன். நாற்பத்து மூன்று துண்டுகள் வந்தன. அரைவாசிக்கு மேல் ஒரே கேள்விதான், சொற்கள் மட்டும் வேறு. "சி.சி.என்.ஏ. எடுத்தால் வேலை நிச்சயமா?" "பரீட்சை எதுவும் எடுக்காமல் வேலை பழகியே முன்னுக்கு வரலாமா?" "எல்லா விளம்பரத்திலும் அனுபவம் கேட்கிறார்கள். வேலை தராமல் அனுபவம் எப்படி வரும்?" இந்தக் கடைசிக் கேள்வியை எழுதிய பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைக்குரியது.

ஒரு சிறு விளக்கம். பாடநூலில் வலையமைப்புக் கருவிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் படிக்கிறீர்கள். பரீட்சையில் அவற்றையே எழுதுங்கள். வேலைத்தளத்தில் எல்லோரும் சுவிட்ச், ரவுட்டர், கேபிள் என்றுதான் சொல்வார்கள். நானும் இன்று அப்படியே சொல்லிவிடுகிறேன். தமிழ் ரீச்சர் மன்னிக்கவேண்டும்.

முதலில் இந்தச் சான்றிதழ் என்ன என்று பார்ப்போம். ரவுட்டரும் சுவிட்சும் செய்து விற்கும் சிஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம் 1998ஆம் ஆண்டு தொடக்கம் நடத்திவரும் ஆரம்ப நிலைப் பரீட்சைதான் சி.சி.என்.ஏ. அந்த நிறுவனத்தை 1984இல் தொடங்கியவர்கள் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறுப்பில் இருந்த ஒரு கணவனும் மனைவியும். மனைவியின் பெயர் சான்டி லேர்னர். "இது பெடியன்களின் வேலை" என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள். பரீட்சை 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டொலர். இன்றைய நிலையில் 90,000 ரூபாய்க்குக் குறையாது. தேறினால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கவேண்டும். க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு போல வாழ்நாள் முழுவதும் கோவைக்குள் வைத்திருக்கும் தாள் அல்ல இது.

பொருளை விற்பவரே அந்தப் பொருளில் பரீட்சையும் வைத்துப் பணமும் வாங்குவது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் கருவிக்கும் பொருந்தும் அடிப்படை அறிவு. முகவரிகளை எப்படிப் பிரிப்பது, ஒரு தகவல் பொதி ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வழி கண்டு போகிறது, எங்கே தடுப்பது, எங்கே விடுவது. இதை ஒழுங்காக ஒருமுறை படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் வித்தியாசம் தெரியும். ஆகவே "சான்றிதழில் ஒன்றுமில்லை, எல்லாம் அனுபவம்தான்" என்று சொல்லும் அண்ணாமாரை நம்பவேண்டாம். அப்படிச் சொல்பவர்களில் பலர் ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1990களில் நொவெல் என்ற நிறுவனத்தின் மென்பொருள்தான் அலுவலக வலையமைப்புகளில் கோலோச்சியது. அவர்களுடைய சி.என்.ஈ. சான்றிதழுக்கு அப்போது பெரிய மதிப்பு. மதிப்பு வந்ததும் வகுப்புகள் வந்தன, வினாக்களைப் பாடமாக்கிக் கொடுப்பவர்கள் வந்தார்கள். ஒரு சேவரைக்கூடத் தொட்டுப் பாராதவர்கள் சித்தியடைந்து வேலைக்குப் போய் நின்றார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் 'காகித சி.என்.ஈ.' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்றும் அதே கதைதான். பரீட்சை வினாக்களைக் களவாகச் சேர்த்து விற்கும் 'டம்ப்' என்று ஒன்று இருக்கிறது. கடந்தகால வினாத்தாள் செய்து பழகிய நமக்கு அது குற்றமாகவே தெரியாது. ஆனால் இது அதுவல்ல. கடந்தகால வினாத்தாளைப் பரீட்சைத் திணைக்களமே வெளியிடுகிறது. டம்ப் வாங்குவது நிபந்தனை மீறல், பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். அதைவிட மோசம், பிடிபடாமல் வேலைக்குப் போய் ஒருநாள் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

பல்தெரிவு வினாவால் கைப்பழக்கத்தை அளக்கமுடியாது என்பது சிஸ்கோவுக்கும் தெரிந்திருந்தது. சி.சி.என்.ஏ. வருவதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1993இல், அவர்கள் தொடங்கிய உயர்நிலைப் பரீட்சையான சி.சி.ஐ.ஈ. கருவிகளுக்கு முன்னால் இருந்து செய்யும் பரீட்சை. ஆரம்பத்தில் இரண்டு நாள். 2001இலிருந்து ஒருநாள், எட்டு மணித்தியாலம். சித்தியடைந்தவர்களுக்கு ஓர் இலக்கம் கொடுப்பார்கள். முதல் இலக்கமான 1024ஐ அவர்கள் எந்த மனிதருக்கும் கொடுக்கவில்லை, பரீட்சை நடந்த ஆய்வுகூடத்துக்கே கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்த சங்கதி.

நான் நேர்முகப் பரீட்சைக் குழுக்களில் இருந்திருக்கிறேன். சின்னக் கேள்வி ஒன்று கேட்பேன். "ஓர் அலுவலகத்தில் ஒரு கணினி இணையத்துக்குப் போகவில்லை. அதன் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. என்ன செய்வீர்கள்?" ஒரு வகையினர் உடனே சரியான விடையைச் சொல்லிவிடுவார்கள்: முகவரி வழங்கும் சேவரிடமிருந்து பதில் வராததால் கணினி தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று. முழுப் புள்ளி. அதன்பின் என்ன செய்வது என்றால் மௌனம். இன்னொரு வகையினர் என்னையே திருப்பிக் கேட்பார்கள். "ஒரு கணினி மட்டுமா, பக்கத்து மேசைக்காரருக்கும் அப்படியா? நேற்று வேலை செய்ததா? மேசையை யாராவது இடம் மாற்றினார்களா? கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா?" இவர்களில் சிலருக்கு 169.254 என்பதன் விளக்கம் தெரியாது. ஆனாலும் பத்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு இரண்டும் உள்ளவர் வேண்டும். ஒன்றுதான் கிடைக்குமென்றால் கேள்வி கேட்பவரையே எடுப்பேன், விளக்கத்தைப் பிறகு படிப்பிக்கலாம். என் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் தாளைப் பார்த்துத்தான் எடுப்பார். இதையும் தெரிந்துவைத்திருங்கள்.

அனுபவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது பொஸ்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றின் கதை. அதைச் சொல்லமுன் சுவிட்ச் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இரண்டு சுவிட்ச்களை ஒரு கேபிளால் இணைத்தால் வேலை செய்யும். ஒன்று அறுந்தால் மற்றது இருக்கட்டும் என்று இரண்டாவது கேபிளும் போட்டால் என்ன நடக்கும்? எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி ஒரு கேபிளால் போய் மற்றதால் திரும்பி வரும், மறுபடி போகும், மறுபடி வரும். ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் பிறக்கும். நிற்பாட்ட ஆளில்லை. சில விநாடிகளில் அந்தக் கட்டடத்தின் வலையமைப்பு முழுவதும் மூச்சடைத்துப் போகும். இதற்கு 1985இல் தீர்வு கண்டவர் ராடியா பேர்ள்மன் என்ற பெண். டிஜிட்டல் எக்கியுப்மன்ட் கோப்பரேசன் என்ற நிறுவனத்தில் வேலை செய்தவர். சுவிட்ச்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, மேலதிகமான பாதைகளைத் தாங்களே மூடிவைத்து, தேவைப்படும்போது திறந்துகொள்ளும் முறை அது. 'ஸ்பானிங் ட்ரீ' என்பார்கள். கிளைகள் ஒன்றோடொன்று முட்டாத ஒரு மரம்போல வலையமைப்பை ஆக்கிவிடும். அந்த முறையை அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் அதை விளக்கிச் சிறு கவிதையும் எழுதிச் சேர்த்தார் அந்த அம்மா.

அந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதன் வழமையான நேரக் கணக்குகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பாதையில் ஏழு சுவிட்ச்களுக்கு மேல் இராது என்று வைத்துப் போடப்பட்டவை. இனி வைத்தியசாலைக்கு வருவோம். பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்பது பொஸ்டனில் உள்ள பெரிய போதனா வைத்தியசாலை, கணினிமயத்தில் முன்னுக்கு நின்றது. வருடக்கணக்கில் கட்டடத்தோடு கட்டடம், பிரிவோடு பிரிவு சேர, வலையமைப்பும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் இன்னுமொரு சுவிட்சைச் செருகினார். அது வேலை செய்தது. எல்லை தாண்டப்பட்டது. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2002 நவம்பர் 13ஆம் திகதி வலையமைப்பு தடுமாறத் தொடங்கி, பிறகு விழுந்தது. ஏறக்குறைய நான்கு நாள் வைத்தியசாலை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துக் கட்டளைகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எழுதிக் கையில் கொண்டு ஓடினார்கள். வெளியிலிருந்து பொறியியலாளர்களும் கருவிகளும் வந்திறங்கித்தான் சீர்செய்யவேண்டி வந்தது.

அந்த வலையமைப்பை வளர்த்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. நாள்தோறும் அதைத் தொட்டுப் பழகியவர்கள். ஆனால் "நேற்று வேலை செய்தது, இன்றும் செய்யும்" என்பதைத்தான் அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. ஏழு என்ற எண் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தைத் திறந்தவர் அந்தக் கட்டடங்களில் நடந்து சுவிட்ச்களை எண்ணவில்லை. எண்ணக்கூடிய இடத்தில் நின்றவர் புத்தகத்தை மறந்திருந்தார்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். கையால் செய்து பழகுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி வருவதும் தடை. உங்கள் அம்மம்மாவைக் கேளுங்கள், சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டதைச் சொல்வார். எவ்வளவு வேகத்தில் சுற்றினால் ரேடியோ எரியாமல் பாடும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பௌதிகவியல் படித்த என் வகுப்புத் தோழிகளுக்கு ஓமின் விதியை விளங்கப்படுத்தப் பெரிய பாடு இருக்கவில்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கத்துக்கு எவரும் ஒரு தாளும் தரவில்லை. கொழும்புக்குப் போனபோது "உயர்தரத்தில் என்ன பெறுபேறு?" என்றுதான் கேட்டார்கள்.

அதனால்தான் இன்னொரு கதையையும் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது நான் ஆலோசகராகப் போய்வந்த ஒரு நிறுவனத்தின் வெளியூர்க் கிளையில், கரண்ட் திரும்பி வந்தபின் காசாளர் மேசைக் கணினிகள் ஒன்றும் தலைமை அலுவலகத்தோடு இணையவில்லை. கொழும்பில் மூன்று பேர், மூவரும் சான்றிதழ் பெற்றவர்கள், இரண்டு மணித்தியாலம் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவுட்டர் நல்லாக இருக்கிறது, இணைப்பு நல்லாக இருக்கிறது, பிழை பிடிபடவில்லை. தொலைபேசிக் கூட்டத்தில் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் பிள்ளையும் இருந்தாள். மாதாமாதம் அந்தக் கிளைக்குக் கேபிள் பார்க்கப் போய்வருபவள். முதல் அரைமணியிலேயே அவள் சொன்னாள்: "சேர், மேல்மாடி அலுமாரிக்குள் இருக்கிற சுவிட்சில் தையில் மாற்றம் செய்தவை. அது சேமிபட்டதோ தெரியாது." ஒருவரும் காது கொடுக்கவில்லை. இன்னும் ஒன்றரை மணித்தியாலம் போனபின்தான் அதைத் திறந்து பார்த்தார்கள்.

அவள் சொன்னதுதான் சரி. சுவிட்சில் நாம் செய்யும் மாற்றம் உடனே வேலை செய்யத் தொடங்கும், ஆனால் சேமிக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் கரண்ட் போய்வந்ததும் அது பழைய அமைப்போடு எழும்பும். அதுவரை ஓரிரு மணித்தியால வெட்டுக்கு யூ.பி.எஸ். தாக்குப்பிடித்தது. வெட்டு நீண்டதும் பற்றரி இறங்கியது, மறதி வெளியே வந்தது. அந்தச் சேமிக்கும் கட்டளை சி.சி.என்.ஏ. புத்தகத்தின் ஆரம்பப் பாடங்களிலேயே இருக்கிறது, மூவரும் படித்தவர்கள்தான். எந்த அலுமாரியில், எந்த மாதம், யார் கைவைத்தார் என்பது புத்தகத்தில் இல்லை.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தாள் இல்லை, வயது இல்லை, பெண் பிள்ளை. ஆகவே குரலுக்கு எடை இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அவள் பரீட்சை எடுத்துச் சித்தியடைந்தாள். "அக்கா, அதிலே புதிதாகப் படித்தது கால்வாசிதான்" என்றாள். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவள் வாய் திறந்தபோது அவர்கள் குறிப்பெடுத்தார்கள். பெண்களாகிய நமக்கு இந்தச் சான்றிதழின் பெரிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆண் பிள்ளை ஒருவன் தெரியும் என்றால் நம்பிவிடுகிறார்கள். நம்மிடம் அத்தாட்சி கேட்கிறார்கள். அநியாயம்தான். அநியாயம் தீரும்வரை அத்தாட்சியைக் கையில் வைத்திருங்கள்.

இனி அந்தத் துண்டுக் கேள்வி. வேலை தராமல் அனுபவம் எப்படி வரும்?

வேலை தந்தபின்னும் அனுபவம் வராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் சித்தியடைவது இக்கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பெரிய காரியமல்ல. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என்ன நடக்கும் தெரியுமா? உங்களோடு சேர்ந்த பெடியனை "வா தம்பி, சேவர் அறைக்குப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். உங்களிடம் "தங்கச்சி, உங்கள் எழுத்து வடிவாக இருக்கு, இந்த ஆவணங்களை ஒழுங்குபடுத்துங்கோ" என்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, அன்பாகத்தான் சொல்வார்கள். ஏணியில் ஏறவேண்டாம், தூசிக்குள் போகவேண்டாம், இரவில் நிற்கவேண்டாம். இரண்டு வருடத்தில் அவன் கையில் இரண்டு வருட அனுபவம். உங்கள் கையில் அழகான கோவைகள். அடுத்த வேலைக்கு இருவரும் விண்ணப்பிக்கும்போது "உங்களுக்குக் களத்தில் பழக்கம் குறைவு" என்று உங்களிடம் சொல்வார்கள்.

அதிலும் முக்கியமான ஒன்று இரவு. வலையமைப்பில் பெரிய மாற்றம் எதையும் பகலில் செய்யமாட்டார்கள், வேலை நேரத்தில் இணைப்பை நிறுத்தமுடியாது. நள்ளிரவு தாண்டி விடியற்காலைக்குள்தான் செய்வார்கள். ஆகவே இந்தத் தொழிலில் கற்கவேண்டியதில் பாதி நள்ளிரவில்தான் கிடைக்கும். பிழை வந்தால் பின்வாங்குவது எப்படி, எந்த நேரத்தில் "இனி வேண்டாம், பழையபடி ஆக்குவோம்" என்று முடிவெடுப்பது, இவற்றை அங்கேதான் பார்த்துப் பழகலாம். பெண் பிள்ளை அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்தப் பாதியை இழக்கிறாள். அம்மாமாருக்குச் சங்கடமான பேச்சு என்பது தெரியும். என் அம்மாவும் இரண்டு வருடம் சம்மதிக்கவில்லை. பிறகு சம்மதித்தது என் பிடிவாதத்தால் அல்ல, நிறுவனம் வாகனம் அனுப்பியதாலும் கூட இன்னொரு பெண் வந்ததாலும்தான். ஆகவே வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்: இரவு வேலைக்கு என்னையும் போடுவீர்களா, திரும்பிவர வாகனம் உண்டா? சம்பளத்தைக் கேட்பதற்கு வெட்கப்படாத நாம் இதற்கும் வெட்கப்படத் தேவையில்லை. நான் முதல் வேலையில் கேட்டது இவ்வளவுதான்: "ஏறுவதற்கு விடாவிட்டால் பரவாயில்லை, ஏணியைப் பிடிக்கவாவது விடுங்கோ." ஏணியைப் பிடித்தால் மேலே நடப்பது தெரியும். மூன்றாம் மாதம் ஏணி பிடிக்க வேறு ஆள் வந்தார், நான் ஏறினேன்.

வேலை கிடைக்கமுன்பே தொடங்கக்கூடியவையும் உண்டு. சிஸ்கோ 1997 முதல் 'நெட்வேர்க்கிங் அக்கடமி' என்ற கல்வித் திட்டத்தை நடத்துகிறது. அதன்மூலம் 'பக்கெட் ட்ரேசர்' என்ற மென்பொருளை இலவசமாக எடுக்கலாம். சாதாரண மடிக்கணினியில் பத்து ரவுட்டர், இருபது சுவிட்ச் வைத்து வலையமைப்புக் கட்டிப் பார்க்கலாம், உடைத்தும் பார்க்கலாம். உடைத்துப் பார்ப்பதுதான் முக்கியம். ஒழுங்காக வேலை செய்யும் ஒன்றை வேண்டுமென்றே ஓரிடத்தில் கெடுத்துவிட்டு, உங்கள் தோழியிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு ஒன்று செய்தால் போதும். அதே நேரம், அந்தத் திரைக்குள் தூசி இல்லை, எறும்பு இல்லை, ஐப்பசி இடிக்குக் கருகிய செருகுமிடம் இல்லை, பருத்தித்துறைப் பக்கத்து உப்புக்காற்றில் பச்சை பிடித்த கம்பி இல்லை. அவற்றுக்கு உண்மையான கருவி வேண்டும். பாவித்துக் கழித்த பழைய சுவிட்ச் ஒன்று போதும்.

பணத்தைப் பற்றியும் பெற்றோருக்கு ஒரு சொல். உயர்தரம் முடிந்த கையோடு ஐந்தாறு சான்றிதழ்களுக்குக் கட்டணம் கட்டாதீர்கள். நகை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒன்று போதும். அதையும் ஒரு வருடம் கைப்பழக்கம் வந்தபின் எடுக்கலாம். மூன்று வருடத்தில் காலாவதியாகும் தாளை, வேலை தேடத் தொடங்கமுன்பே வாங்கி வைப்பதில் இலாபமில்லை. பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தால் அதற்குப் போங்கள், அதைப் பற்றி இரண்டு கருத்து எனக்கில்லை.

பட்டமும் இல்லாமல், சிஸ்கோவும் இல்லாமல், ஏழெட்டு வருடம் கேபிள் இழுத்தே வாழ்பவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நமது நாட்டில் தேசிய தொழிற் தகைமை என்று ஒன்று உண்டு, என்.வி.கியூ. என்பார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில் நடப்பது. வகுப்புக்கே போகாமல், வேலையில் பழகியதை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, ஆதாரங்களைக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெறலாம். 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பது அந்த முறை. உங்கள் அண்ணா, மாமா யாராவது அப்படி வேலை செய்தால் இன்றைக்கே சொல்லுங்கள். அவர்கள் கையில் இருப்பது படிப்புத்தான், தாள்தான் இன்னும் வரவில்லை. ஆதாரம் என்றதால் ஒன்று சொல்கிறேன்: நீங்களும் முதல்நாளே ஒரு கொப்பி தொடங்குங்கள். என்ன பிழை, எப்போது, என்ன செய்து தீர்ந்தது, யார் கூட நின்றார். ஆவணம் எழுதும் வேலையைத் தந்தார்கள் என்றேனே, அந்த வடிவான எழுத்தை உங்களுக்காகவும் பாவியுங்கள்.

கடைசியாகச் சங்கத்து அக்காமாருக்கு. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சகோதரிகள் நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் பொறித்த பளிங்குக் கல் ஏற்கெனவே போதியளவு இருக்கிறது, மண்டபச் சுவரில் இடமும் குறைவு. நீங்கள் வேலை செய்யும் இடங்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சுவிட்சையும் ரவுட்டரையும் கழித்துவிடுகிறார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். அனுப்பமுன் பழைய அமைப்புகளை அழித்துவிடுங்கள். கணினி அறையின் பின்பக்கத்தில் ஒரு அலுமாரி தர அதிபர் சம்மதித்திருக்கிறார். திறப்பு மாணவிகளிடமே இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கருவிகளை விட, வருடத்தில் இரண்டு பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்து, ஆவண மேசையில் இருத்தாமல் சேவர் அறைக்குள் விடக்கூடிய பழைய மாணவிகள் யாராவது இருந்தால், அவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.

நேரமாகிவிட்டது. இந்த மேசையில் இரண்டு சுவிட்ச் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு பெட்டி கேபிளும் எட்டுக் கம்பிகளை ஒழுங்குபடுத்தி நுனி அடிக்கும் குறடும் இருக்கின்றன. இடமிருந்து வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பாடமாக்கவேண்டாம், இரண்டு மூன்று அடித்தால் கை தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டு சுவிட்சுக்கும் இடையில் இரண்டு கேபிள் போட்டு, பேர்ள்மன் அம்மாவின் முறையை நிறுத்திவிட்டால் என்ன நடக்கிறதென்று முதலில் பார்ப்போம். மூன்றாவது வரிசையில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.